குர்சுராவுக்கு அண்மையில் ஒரு குடித்தனம்

விசாகப்பட்டினத்துக்குக் குடிவரும் நம்மவர் முதலிற் கற்றுக்கொள்ள வேண்டிய தெலுங்குச் சொற்கள் மூன்று உள. 'இல்லு' என்றால் வீடு. 'அத்தெ' என்றால் வாடகை. 'எந்த' என்றால் எவ்வளவு. இம்மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு எவரும் இந்நகரில் ஒரு கூரையைத் தேடிக்கொள்ளலாம் என்று நாம் பலகாலம் நம்பியிருந்தோம். நான்காவது சொல் ஒன்று உண்டு என்பதையும், அதற்கு நாம் அளித்த மறுமொழி நம்மை எவ்வாறு அலைக்கழித்தது என்பதையும் சங்கத்து அன்பர்களுக்கு எழுதலாமா வேண்டாமா என்று சில வாரங்கள் தயங்கினோம். எழுதியே தீர வேண்டும் என்றவர் நம் அன்னையார். ஆகவே எழுதுகிறோம்.

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு கடலோரச் சிற்றூரிற் பிறந்தோம். தந்தையார் கடல்மேல் தொழில் செய்தவர். நாம் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, ரயில்வேத் தேர்வு எழுதி, கிழக்குக் கடற்கரை ரயில்வேயிற் கடைநிலை ஊழியராகச் சேர்ந்தோம். பின்னர் இலாகாத் தேர்வில் தேறிக் குமாஸ்தா ஆனோம். நம் இல்லாளும் எட்டு வயதுப் பெண் குழந்தையும் நாமுமாக, ரயில் நிலையத்தை ஒட்டிய ஞானாபுரத்தில் ஒன்றரை அறை கொண்ட ஒரு வீட்டில் ஆறு ஆண்டுகள் குறையின்றி வாழ்ந்தோம். அலுவலகத்துக்கு நடந்தே போகலாம். குவார்ட்டர்ஸுக்கு மனுச் செய்திருந்தோம். வரிசையில் நமக்கு முன்னே பலர் இருந்தனர்.

தந்தையார் காலமான பின் அன்னையாரை இங்கு அழைத்து வந்தோம். வந்த பத்தாம் நாள் அவர் சொன்னது இது: "தம்பி, எனக்கு இங்கே உறக்கம் வரவில்லை." ரயிலின் ஓசைதான் காரணமோ என்று கேட்டோம். "ரயில் சத்தம் வருகிறது, போய்விடுகிறது. கடல் சத்தம் இருந்துகொண்டே இருக்கும். அது இல்லாமல் அறுபத்தெட்டு வருஷத்தில் நான் உறங்கியதில்லை" என்றார்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எங்கள் வீட்டைச் சுவரோடு கொண்டுபோயிற்று. அன்று நமக்குப் பதினான்கு வயது. மேட்டுத்தெருப் பள்ளிக்கூடத்தில் நாற்பது நாள் கிடந்தோம். அதன் பின்னும் இந்த அம்மையாருக்குக் கடலின் மேற் கோபம் இல்லை என்பது நமக்கு விளங்காத விஷயம். விளங்காவிட்டால் என்ன? வீடு தேடப் புறப்பட்டோம்.

இங்கே கடற்கரைச் சாலை என்பது செல்வர் வாழும் பகுதி. ரயில்வேக் குமாஸ்தாவின் கணக்கு எளிது. அடிப்படைச் சம்பளம் 31,000 ரூபாய். இந்நகரம் ஒய் வகுப்பு நகரமாகையால் வீட்டு வாடகைப் படி நூற்றுக்கு 20. ஆக 6,200 ரூபாய். அந்தத் தொகையை வாயால் சொன்னவுடனேயே கடற்கரைச் சாலைத் தரகர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் அலைந்த பின், பாண்டுரங்கபுரத்தில், கடலிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி, ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஒரு வீடு கிடைத்தது. மாத வாடகை 12,000. மின்தூக்கி கிடையாது. மாடி வெயில் நேரே இறங்கும். உப்புக் காற்றில் சன்னற் கம்பிகள் எல்லாம் பொருக்குத் தட்டியிருந்தன. ஒரு சன்னலுக்குக் கண்ணாடிக்குப் பதில் பலகை அடித்திருந்தது. 2014 அக்டோபர் 12இல் அடித்த ஹுட்ஹுட் புயலில் உடைந்ததாம், அப்படியே விட்டுவிட்டார்களாம். முன்பணம் இரண்டு மாத வாடகைதான். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் சென்னை வழக்கத்தை அறிந்த நம் இல்லாள், அதைக் கேட்டதும் நம் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். விடாதீர்கள் என்று பொருள்.

மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தோம். இரண்டு உயர்ந்த கட்டடங்களுக்கிடையே கடல் ஒரு முழ அகலத்துக்குத் தெரிந்தது. அந்த ஒரு முழத்துக்குள் கரிய கோபுரம் ஒன்றும் நின்றது. அதுதான் குர்சுரா என்னும் நீர்மூழ்கிக் கப்பல். அன்னையார் கண்களை மூடிக்கொண்டு நின்றார். "கேட்கிறது" என்றார்.

கீழே வீட்டுக்கார அம்மையார் வினாக்களைத் தொடுத்தார். எந்த ஊர், என்ன உத்தியோகம், எத்தனை பேர், விருந்தினர் வருவார்களா. எல்லாவற்றிலும் தேறினோம். கடைசியில் அந்த நான்காவது சொல் வந்தது. "மீரு வெஜ்ஜா?"

அன்பர்களே, நாம் கடலோரத்திற் பிறந்தவர். தாய்ப்பால் மறந்த நாள் முதல் மீன் உண்டு வளர்ந்தவர். அம்மையார் கேட்டு முடித்த அந்த நொடியில், ஆறு ஞாயிற்றுக்கிழமைகளும் இரண்டு மாத முன்பணமும் மாடியில் கண்மூடி நின்ற அன்னையாரும் ஒருங்கே நம் நினைவில் எழுந்தனர். "வெஜ்ஜேனண்டி" என்றோம். நம் தெலுங்கு அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு திருத்தமாக வந்ததில்லை. அன்னையாருக்குத் தெலுங்கு தெரியாது. நம் இல்லாளுக்குத் தெரியும். அவள் தரையைப் பார்த்தாள்.

நூறு ரூபாய்ப் பத்திரத்தில் பதினோரு மாத ஒப்பந்தம் எழுதிக் குடிபுகுந்தோம்.

முதல் ஞாயிறன்று மாலை அனைவரும் குர்சுராவைக் காணச் சென்றோம். வெளியூரிலிருந்து வரும் உறவினர்க்கு இதைக் காட்டும் அன்பர்கள் சங்கத்திற் பலர் இருப்பர். ஆயினும் பாராதவர்க்காகச் சொல்லுகிறோம். இது 1969 டிசம்பரில், அந்நாளைய சோவியத் நாட்டில், நம் கடற்படையில் சேர்க்கப்பட்டது. 2001 பிப்ரவரியில் ஓய்வு பெற்றது. 2002 ஆகஸ்டு முதல் ராமகிருஷ்ணா கடற்கரையின் மணலிற் காட்சியகமாக இருக்கிறது. நீளம் 91 மீட்டருக்குச் சற்று அதிகம். முப்பத்தொரு ஆண்டு பணி. நம் அலுவலகத்தில் முப்பத்தொரு ஆண்டு பணி முடித்தவர்க்கு ஒரு சால்வையும் ஒரு கைக்கடிகாரமும் கிடைக்கும். இதற்கோ கடலைப் பார்த்தபடி வாடகையில்லா வீடும் இரவில் மின்விளக்கு அலங்காரமும் கிடைத்திருக்கின்றன. சாலைக்கு எதிர்ப்புறத்தில், 2017இல் ஓய்வு பெற்ற டியூ 142 விமானமும் இதே போலக் குடியேறியிருக்கிறது. ஓய்வுபெற்றோர் குடியிருப்பு என்று இப்பகுதிக்குப் பெயர் வைக்கலாம்.

பெயரைக் கேட்டதும் அன்னையார், "என்ன சுறா அது?" என்றார். அது மீனின் பெயரன்று, கப்பலின் பெயர் என்றோம். உருவத்தைப் பார்த்துவிட்டு, "சுறாதான்" என்று முடிவு செய்துவிட்டார். இதே வகையில் நம் நாட்டுக்கு முதலில் வந்த கப்பலுக்குக் கல்வரி என்று ஒரு சுறாவின் பெயரைத்தான் இட்டார்கள் என்பதைப் பின்னர் அறிந்து, அன்னையாரிடம் தோற்றோம்.

உள்ளே நுழைந்தால் நிமிர்ந்து நடக்க இடமில்லை. ஓர் அறையிலிருந்து மறு அறைக்கு வட்டமான துவாரத்தில் காலை முதலில் விட்டுக் குனிந்து புக வேண்டும். அன்னையாரை நாம் முன்னிருந்து தாங்க, நம் இல்லாள் பின்னிருந்து தாங்கினாள். முன்புறம் ஆறு, பின்புறம் நான்கு, ஆகப் பத்துக் குழாய்களிலிருந்து டார்ப்பிடோக்களை எய்யலாம். அந்த ஆயுதங்களின் பக்கத்திலேயே படுக்கைப் பலகைகள். ஏறக்குறைய 75 பேர் வாரக்கணக்கில் இதற்குள் வாழ்ந்தார்களாம். ஒருவன் எழுந்த படுக்கையில் மற்றொருவன் படுப்பானாம். கடற்படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இவற்றை விளக்கிக்கொண்டு வந்தார். அன்னையார், "குளிப்பது எங்கே என்று கேள்" என்றார். கேட்டோம். நல்ல நீர் குடிப்பதற்கும் சமைப்பதற்குமே காணாது, குளியலை எங்கே எண்ணுவது என்று பெரியவர் சிரித்தார். மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று காலையிற் குறைப்பட்டுக்கொண்டிருந்த நம் இல்லாள் அதன் பின் ஒன்றும் பேசவில்லை.

அடுக்களையைக் கண்டோம். ஒருவர் நின்று திரும்பும் அளவு. நம் வீட்டுக் குளியலறையைவிடச் சிறிது. அன்னையார் எட்டிப் பார்த்துவிட்டு, "இதில் ஒரு மீன் பொரித்தால் கப்பல் முழுக்க மணக்குமே!" என்றார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். நமக்கும் நம் இல்லாளுக்கும் அது வேடிக்கையாக இல்லை.

வெளியே வந்து சற்றுத் தூரம் நடந்தால், 1971ஆம் ஆண்டுப் போரின் நினைவாக 1996இல் எழுப்பிய சின்னம் இருக்கிறது. அவ்வாண்டு டிசம்பர் 3ஆம் நாள் நள்ளிரவையொட்டி, காஸி என்னும் பாகிஸ்தானிய நீர்மூழ்கிக் கப்பல் இத்துறைமுகத்துக்கு வெளியே மூழ்கிற்று. தொண்ணூறுக்கு மேற்பட்டோர் உள்ளே இருந்தனர். ஒருவரும் பிழைக்கவில்லை. இன்னும் அது கடலடியிலேயே கிடக்கிறது. இதைச் சொன்னபோது அன்னையார், "எந்தப் பக்கம்?" என்று கேட்டார். தெற்கே, துறைமுகப் பக்கமாகக் கையைக் காட்டினோம். அத்திசையை நோக்கிச் சற்று நேரம் நின்றார். பகைவர் கப்பல் அம்மா என்றோம். "பெற்றவள் கரையில்தானே நின்றிருப்பாள்" என்றார். நாம் பேச்சை மாற்றிச் சுண்டல் வாங்கிக் கொடுத்தோம்.

கரை குறுகிக் கிடப்பதையும் அவரே கண்டார். நம் கீழைக்கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் அதை மறிப்பதால் வடக்கே உள்ள இக்கரை மெலிகிறது. துறைமுகத்தார் தூர்வாரிய மணலைக் குழாய் வழியே கொண்டுவந்து இங்கே கொட்டுகிறார்கள். 1933இல் இத்துறைமுகம் திறக்கப்படுமுன், மணலைத் தடுப்பதற்கென்றே இரண்டு பழைய கப்பல்களை வாயிலருகே மூழ்கவிட்டார்கள் என்று நம் அலுவலகத்து மூத்தவர்கள் சொல்வார்கள். நூல்களிலும் அவ்வாறே காண்கிறோம். ஆக, இவ்வூரில் கப்பல்கள் மணலின் மேலும் இருக்கின்றன, நீரின் கீழும் இருக்கின்றன.

இனி நம் குற்றத்துக்கு வருவோம்.

மீன் கேட்ட அன்னையாரிடம் முதல் வாரம் விலை அதிகம் என்றோம். இரண்டாம் வாரம் சந்தை தூரம் என்றோம். ஜாலரிப்பேட்டை நடக்கும் தூரத்தில் இருக்கிறது என்பதை அவர் அறியார். ஞாயிறுதோறும் ஞானாபுரத்து நண்பர் வீட்டுக்கு அழைத்துச் சென்று அங்கே மீன் குழம்பு உண்டோம். கைகளை எலுமிச்சம்பழத்தால் தேய்த்துக் கழுவி, வெற்றிலை போட்டுக்கொண்டு, கோயிலுக்குப் போய் வந்தவர் போல மாடியேறினோம். குழந்தையிடம், "கீழ்வீட்டில் யார் கேட்டாலும் நாம் மீன் சாப்பிடுவதில்லை என்று சொல்" என்று கற்பித்தோம். அவள் ஏன் என்று ஒரே ஒருமுறை கேட்டாள். பிறகு கேட்கவில்லை.

ஒருநாள் மாலை அலுவலகம் விட்டு வரும்போது, வீட்டுக்கார அம்மையாரின் பேத்தியும் நம் பெண்ணும் படிக்கட்டில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தனர். அந்தக் குழந்தை ஏதோ கேட்டது. நம் பெண் தெலுங்கில், தங்கள் வீட்டில் மீன் வாடையே ஆகாது என்றும், அப்பாயிக்கு அதைக் கண்டால் குமட்டும் என்றும் சொல்லிக்கொண்டிருந்தாள். நாம் கற்பித்தது ஒரு வாக்கியம். அவள் அதற்குக் கையும் காலும் பொருத்தியிருந்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை, தயக்கம் இல்லை. நம்மைக் கண்டதும் பாடம் ஒப்பித்த மாணவி போலச் சிரித்தாள். நாம் மாடிப்படியில் இரண்டாம் தளத்தில் நின்று சற்று மூச்சு வாங்கினோம். படியேறிய களைப்பன்று அது.

அவ்வாரமே உண்மை வெளிப்பட்டது. நாம் வீட்டிலிருந்த விடுமுறை நாள். தெருவிலே மீன்காரப் பெண் ஒருத்தி கூடையோடு கூவிச் சென்றாள். அன்னையார் மாடியிலிருந்து குரல் கொடுக்க வாயெடுத்தார். குழந்தை ஓடிச்சென்று அவர் வாயைப் பொத்தியது. "கூப்பிடாதீர்கள் அப்பாயி! நாம் மீன் சாப்பிடாதவர்கள்!"

அன்னையார் குழந்தையின் கையை மெல்ல விலக்கினார். நம்மைப் பார்த்தார். ஒன்றும் மறைக்க இயலவில்லை, சொன்னோம். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வா" என்று ஒரே சொல் சொல்லிப் படியிறங்கினார். முழங்கால் வலியுள்ளவர், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மூன்று மாடியும் இறங்கினார்.

வீட்டுக்கார அம்மையார் திண்ணையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அன்னையார் அவர் முன் நின்று தமிழிற் சொன்னார்: "அம்மா, என் மகன் உங்களிடம் பொய் சொல்லி வீடு வாங்கியிருக்கிறான். நாங்கள் மீன் தின்கிறவர்கள். கடல்தான் எங்களுக்குச் சோறு போட்டது. நீங்கள் இருக்கச் சொன்னால் இருக்கிறோம். போகச் சொன்னால் போகிறோம்." பிறகு நம் பக்கம் திரும்பி, "இதை அப்படியே சொல்" என்றார்.

அலுவலகத்தில் எத்தனையோ கடிதங்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்த்திருக்கிறோம். இவ்வளவு கடினமான பெயர்ப்பு நமக்கு வாய்த்ததில்லை. அன்னையாருக்குத் தெலுங்கு தெரியாது. அம்மையாருக்குத் தமிழ் தெரியாது. நடுவில் நாம் மட்டும். மழை வரும் போலிருக்கிறது என்று அம்மா சொல்லுகிறார்கள் என்று சொல்லியிருந்தாலும் இருவரும் தலையசைத்திருப்பர். அந்த எண்ணம் நமக்குத் தோன்றவில்லை என்று எழுதினால் அது இரண்டாவது பொய். ஆனால் குழந்தை நம் பின்னே வந்து நின்றிருந்தாள். அவளுக்கு இரண்டு மொழியும் தெரியும்.

அப்படியே சொன்னோம்.

அம்மையார் முறத்தைக் கீழே வைத்தார். நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவர் பேசியது நம்மை நோக்கியன்று, அன்னையாரை நோக்கி. அவருடைய கணவர் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்தவராம். 1948இல் நேரு 'ஜல உஷா' என்னும் கப்பலை நீரில் இறக்கிவைத்தாரே, அந்தத் தளம். அங்கே நண்பர்களோடு மீன் உண்டுவிட்டு, இலவங்கம் மென்றுகொண்டு வீட்டுக்கு வருவாராம். முப்பது ஆண்டுகள். "எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. நீங்கள் வந்த இரண்டாவது ஞாயிறே படியில் எலுமிச்சம்பழ வாசனை வந்தது" என்றார். இதையும் நாமே தமிழிற் பெயர்த்து அன்னையாரிடம் சொல்ல நேர்ந்தது. அன்னையார் சிரித்தார். அம்மையார் சிரிக்கவில்லை.

நிபந்தனைகள் விதித்தார். வீட்டு அடுக்களையிற் சமைக்கலாகாது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறம், காற்றுக் கடலை நோக்கி வீசும் நேரத்தில் சமைக்கலாம். திங்கள், சனி, ஏகாதசி கூடாது. கார்த்திக மாதம் முழுவதும் கூடாது. மீன் கழுவிய நீரை மாடியில் ஊற்றலாகாது. பதினோரு மாதம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். இவ்வளவும் அன்னையாரோடு பேசி முடித்த பின் நம் பக்கம் திரும்பி, "நீங்கள் படித்தவர்" என்று மட்டும் சொன்னார். அதை நாம் எவர்க்கும் மொழிபெயர்க்கவில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையை ஆண்டுதோறும் பொறுத்த அன்னையாருக்கு இந்நிபந்தனைகள் பெரியனவாகத் தோன்றவில்லை. மறுநாளே மீன்காரப் பெண்ணை நிறுத்தினார். அவள் ஜாலரிப்பேட்டைக்காரி. நாம் இடையே புகுந்து உதவ முயன்றோம், தேவைப்படவில்லை. அன்னையார் 'கவலை' என்றார், அவள் 'கவள்ளு' என்றாள். அவர் 'வஞ்சிரம்' என்றார், அவள் 'வஞ்சரம்' என்றாள். சுறாவுக்கு அவள் 'சொர' என்றதும், அன்னையார் அந்த ஒரு முழக் கடலில் தெரியும் குர்சுராவைச் சுட்டி, "சொர!" என்றார். அவளும் சிரித்து, "பெத்த சொர!" என்றாள். ஆறு ஆண்டுகளாக நாம் பழகிய தெலுங்கு, இவ்விருவர்க்கும் அரை நாழிகையில் வந்துவிட்டது.

இப்போது மாலையில் காற்றுத் திரும்பியதும் தொட்டிக்குப் பின்னே அடுப்பு மூளுகிறது. சன்னற் கம்பிகள் துருப்பிடித்துக்கொண்டே இருக்கின்றன. அன்னையார் நன்றாக உறங்குகிறார். குழந்தையிடம், முன்னர்ச் சொல்லச் சொன்னது தவறு என்று ஒருநாள் உட்காரவைத்துச் சொன்னோம். "சரி அப்பா" என்றாள். அந்தச் சரியின் பொருள் இன்னும் நமக்கு விளங்கவில்லை. அடிக்கடி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஒப்பந்தம் முடிய இன்னும் மூன்று மாதங்கள் இருக்கின்றன. அம்மையார் ஒன்றும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. கடலோசை கேட்கும் தொலைவில், 12,000 ரூபாய்க்கு மேற்படாத வாடகையில் வீடு ஏதேனும் இருப்பதாக அறிந்த அன்பர்கள் சங்கக் கூட்டத்தில் நம்மிடம் சொன்னால் நன்றியுடையோம். வீட்டுக்காரரிடம் மீனைப் பற்றி முன்னதாகவே சொல்லிவிடவும்.